காலடி மண்

நான் வேலையை விட்டதற்குக் காரணம் கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றேன். சுத்தப் பொய். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தாள். அவள் இருந்ததுதான் காரணம்.

அவள் பெயர் நாகம்மை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. எனக்கு மூத்த ஓரகத்தி. பூதப்பாண்டியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே கிணறு, ஒரே துவைகல். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம், பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருடமே தாணு பிறந்தான். மாமனார் பெயர் தாணுமாலயன். மூத்த மகன் வயிற்றுப் பேரனுக்கு வைக்க வேண்டிய பெயர் அது. பதினாறு வருடம் யாருக்கும் வைக்காமல் கிடந்த பெயரை என் மகனுக்கு வைத்தோம். பெயர் வைத்த அன்று அவன் காதில் அதை மூன்று தரம் சொன்னவள் நாகம்மை அக்காதான். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் பிசிறியது. அன்று எனக்கு அவள்மேல் இரக்கம்கூட வந்தது. ஜெயித்தவளுக்கு இரக்கம் சுலபமாக வரும்.

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரில் எனக்கு ரிப்போர்ட் தட்டச்சு செய்யும் வேலை. டாக்டர் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும். வயிற்றிலிருக்கும் ஊரார் பிள்ளைகளின் தலைச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம், இதயத் துடிப்பு எல்லாம் என் விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போகும். தாணுவுக்கு நாலு மாதம் முடிந்ததும் திரும்ப வேலைக்குப் போனேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் பிள்ளை தானே வளரவில்லை, நாகம்மை அக்கா இடுப்பில், அவள் ஒக்கலில் வளர்ந்தான்.

பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் மார்பு கல்லாகிவிடும். கழிப்பறையில் நின்று பிழிந்து ஊற்றுவேன். அந்த நேரத்தில் வீட்டில் அக்கா அவனுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாலே நெஞ்சு எரியும். வடசேரியில் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து, நின்றுகொண்டே வந்து, இறங்கி ஓடுவேன். வீட்டு வாசலில் அவள் அவனைத் தோளில் சாய்த்தபடி நடந்துகொண்டிருப்பாள்.

"பைய வாட்டி. இப்பதான் கண்ணசந்தான். எடுக்காத, முழிச்சுருவான்."

என் பிள்ளையைத் தூக்க எனக்கு அனுமதி இல்லை. கை கால் கழுவிவிட்டு வந்து, அவன் எப்போது விழிப்பான் என்று அவள் வீட்டுப் படியில் காத்திருப்பேன். விழித்ததும் கை நீட்டுவேன். அவன் என்னை ஒரு தரம் பார்ப்பான். பிறகு முகத்தைத் திருப்பி அவள் கழுத்தில் புதைத்துக்கொள்வான். "அம்மைய மறந்துட்டியாலே, களவாணி" என்று அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு இனிப்பு இருக்கும். அதை வேறு யாரும் கண்டிருக்க மாட்டார்கள், நான் கண்டேன்.

மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் சுதன் வீடியோவில் கூப்பிடும்போதும் இதே கூத்துதான். பிள்ளை அழாமல் இருக்க வேண்டுமே என்று அவள் மடியில் வைத்துத்தான் காட்டுவோம். "மைனி கையில இருந்தா எவ்ளோ சமத்தா இருக்கான் பாரு அஸ்வதி. நமக்கு ஒரு கவலையும் இல்ல" என்பார். நமக்காம். எனக்கு இருந்த கவலையை அவரிடம் சொன்னால் பைத்தியம் என்பார். சொல்லவில்லை.

தாணுவுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஒரு நாள் நான் பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்துக்கே அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வந்துவிட்டாள். முகமெல்லாம் பல்.

"ஏட்டி, பய தவழ்ந்துட்டான். நாலு எட்டு. வீடியோ எடுத்து வச்சிருக்கேன், பாரு."

பார்த்தேன். தாணு முழங்காலை ஊன்றி, பின்பக்கம் ஆட, தரையில் கையடித்துக்கொண்டு வருகிறான். கண்ணெல்லாம் ஒளி. யாரைப் பார்த்து வருகிறான்? வீடியோ எடுப்பவளைப் பார்த்து. போனுக்குப் பின்னாலிருந்து அவள் குரல், "வா மக்கா, வா, எங்கிட்ட வா" என்கிறது. அவன் வந்து சேர்ந்ததும் படம் கவிழ்ந்துவிடுகிறது, அவள் அவனை அள்ளிக்கொண்டதால். என் பிள்ளையின் முதல் தவழ்தலை இன்னொருத்தியின் கண் வழியாகப் பார்த்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். "கொள்ளாம் அக்கா, நல்லாருக்கு" என்றேன். மறுநாள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன்.

என்ன செய்யப் போகிறாய் என்று மேனேஜர் கேட்டார். அதற்கு மட்டும் கையில் ஒரு பதில் இருந்தது. நேந்திரங்காயை எங்கள் பக்கம் ஏத்தங்காய் என்போம். அதைத் தோல் சீவி, மெல்லிசாக அரிந்து, வெயிலில் உலர்த்திப் பொடித்து, கஞ்சியாகக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் தாணுவுக்காக நான் செய்வதில் கொஞ்சம் மிஞ்சும். ரிசப்ஷனில் இருந்த பெபிஷா தன் அக்கா பிள்ளைக்கு வாங்கிப் போனாள். அவள் சொல்லி இன்னும் நாலு பேர் வாங்கினார்கள். ஸ்கேன் எடுக்க வருபவர்கள் எல்லாம் நாளைக்குப் பிள்ளை பெறப் போகிறவர்கள்தானே. "நீ இதயே செய்யேன் அஸ்வதி. வீட்டுல இருந்தமாதிரியும் ஆச்சு, பிள்ளைய பாத்தமாதிரியும் ஆச்சு" என்றாள் பெபிஷா. அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதிக்காகத்தான் நான் முதல் பாதியில் இறங்கினேன்.

வீட்டில் இருந்தால் பிள்ளை நம் கையில் இருக்கும் என்று நினைப்பது வேலைக்குப் போகிறவர்களின் மூடநம்பிக்கை. விடியும் முன் வாழைக்குலை வந்து இறங்கும். ஒன்பது மணிக்குள் அரிந்து மாடியில் பரப்பினால்தான் அன்றைய வெயில் கிடைக்கும். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாலும் கறை ஏறும். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது, தோலில் பட்டால் கறுத்துப் பிசுக்காக நிற்கும். அரிவாளும் கறையுமாக இருக்கும் கையால் பிள்ளையைத் தொட முடியுமா? தவழ்கிற பிள்ளையை அரிவாள் கிடக்கிற இடத்தில் விட முடியுமா? யாராவது தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். யார் தூக்கினாள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

முன்பு மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது காலை ஆறிலிருந்து இரவு வரை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவள் அவனுக்குக் காக்காய் காட்டுவாள், சோறூட்டுவாள், காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பாள். அவன் சிரிக்கிற சத்தம் என் அரிவாள் வரைக்கும் வரும். எனக்கும் சிரிப்புக் காட்டத் தெரியும். சாயங்காலம் துவைகல்லடியில் நின்று சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, சுத்தமாக அவனிடம் போனால், கறை வாசம் அப்படியும் மிச்சமிருக்கும்போலும், மூக்கைச் சுளிப்பான். பால் மட்டும் குடிப்பான். அது ஒன்றுதான் அவளால் கொடுக்க முடியாதது. அவன் என் மார்பில் கிடக்கும் அந்தக் கால் மணி நேரம் நான் கதவைத் திறந்தே வைப்பேன். எதிர்வீட்டிலிருந்து அவள் பார்க்கட்டும் என்று. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனால் வைத்தேன்.

பாக்கெட்டில் ஒட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. "தாணு ஏத்தங்காய்ப் பொடி" என்று பெயர். கீழே தாணு நிற்கிற படம். அவனாக நிற்க மாட்டான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கொடுத்தாள், பிடித்துக்கொண்டு நின்றான், நான் எடுத்தேன். பிறகு அவளைப் படத்திலிருந்து வெட்டினேன். சேலை போயிற்று, தோள் போயிற்று, வளையல் போயிற்று. ஆனால் அவன் அவளுடைய ஆள்காட்டி விரலை இறுக்கிப் பிடித்திருந்தான். அதை வெட்டினால் அவன் கையையும் வெட்ட வேண்டும். விரல் மட்டும் நின்றுவிட்டது.

"அது யாரு வெரலு?" என்று போனில் கேட்டாள் பெபிஷா.

"எனக்குள்ளது" என்றேன்.

முதல் பாக்கெட்டை அக்காவிடமே கொண்டு காட்ட வேண்டியிருந்தது. வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "என் வெரலு என்ன கறுப்பா விழுந்திருக்கு பாத்தியா" என்றாள். அந்த ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமலே சாமி மாடத்தில் வைத்துக்கொண்டாள். வேண்டாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பது மாமியார்களைப் பற்றிய பழமொழி. எனக்கு மாமியார் இல்லை. அந்த வேலையை நானே பார்த்துக்கொண்டேன்.

சித்திரையில் தாணுவுக்குப் பத்து மாதம். இன்னும் பல் முளைக்கவில்லை. கிழவன் வாயோடு பிறந்திருக்கிறான் என்று கேலி செய்வார்கள். வெயில் நன்றாகக் காய்ந்தது, ஆர்டரும் வந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பிள்ளை சாப்பாட்டை நிறுத்தினான். கஞ்சியை வாயில் வைத்தால் துப்பினான். இரண்டாம் நாள் பாலையும் விட்டான். மார்பில் வாயை வைப்பான், வீலென்று கத்திக்கொண்டு பின்னால் வளைவான். டாக்டரிடம் கொண்டுபோனோம். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, இரண்டு நாள் பாருங்கள் என்றார். மூன்றாம் நாள் அவன் கத்தலில் சத்தமே இல்லை, வெறும் மூச்சு. என்னிடமிருந்து அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது பால் ஒன்றுதான். அதுவும் வேண்டாமென்றால் நான் அவனுக்கு யார் என்ற கேள்வி எனக்கு வந்தது. பசி அவனுக்கு, பயம் எனக்கு.

பேத்திக்குப் பொடி வாங்க வந்த ரத்தினம் மாமி அவனைத் தொட்டுப் பார்த்தாள். அவள் மூன்று தெரு தள்ளி இருப்பவள். குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணுட்டி. இது கொதிக்கண்ணு. பிள்ளை உண்ணுததயும் குடிக்கதயும் ஆசப்பட்டுப் பாத்தா இப்படித்தான் வாயக் கெட்டும்."

"யாரு மாமி பாக்கா?"

"நான் என்னத்த சொல்ல. பதினாறு வருசம் வயிறு காஞ்சவ, பொழுதன்னைக்கும் ஒக்கல்ல வச்சிருக்கா. அவளும் வேணும்னு செய்வாளா? கண்ணு செய்யும். அவ வலதுகாலடி மண்ணு ஒரு பிடி எடு. அவளுக்குத் தெரியப்பிடாது. மூணு மொளகா வத்தல், கல்லுப்பு, கடுகு சேத்து, பிள்ளைக்கு மூணு சுத்துச் சுத்தி சிரட்டத் தீயில போடு. கமறிச்சுன்னா அவ கண்ணு இல்ல. வாசமே வரலன்னா அவளாக்கும்."

எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டால், ஏழு வருடம் ஸ்கேன் ரிப்போர்ட் அடித்தவள் நான். மார்புக்கூட்டுக்குள் இருப்பதெல்லாம் படத்தில் தெரியும் என்று அறிந்தவள். ஆனால் ரத்தினம் மாமி சொன்னதைக் கேட்டபோது எனக்கு வந்தது பயமில்லை. ஒரு குளுமை. இத்தனை நாள் நான் பட்டதற்கெல்லாம் ஒரு நியாயம் கிடைத்துவிட்டதுபோல இருந்தது. அவளிடம்தான் குற்றம். நான் வெறும் பொறாமைக்காரி இல்லை, பிள்ளையைக் காப்பாற்றுகிற தாய்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கறை போகக் கையைக் கழுவிவிட்டு அடுக்களைக்குள் வந்து, ஜன்னல் வழியே பார்த்தேன். அக்கா தாணுவின் துணிகளை அலசி, கொடியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். பிள்ளை என் கட்டிலில் அழுது களைத்துக் கிடந்தான். நான் துவைகல்லடிக்குப் போனேன். நனைந்த மண்ணில் ஒரு வலதுகால் தடம் தெளிவாகக் கிடந்தது, ஐந்து விரலும் பதிந்து. குனிந்து குதிகால் பக்கமாக ஒரு பிடி அள்ளி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

தேங்காய்ச் சிரட்டை பற்றிக் கனலானதும் பிள்ளையைக் கிழக்கே பார்க்க மடியில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினேன். மண்ணும் வத்தலும் உப்பும் கடுகும் தீயில் விழுந்தன. உப்பு வெடித்தது. நான் வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. வாசம் வரக் கூடாது என்று வேண்டினேன். என் பிள்ளைக்குக் கண் பட்டிருக்க வேண்டும், அது அவள் கண்ணாக இருக்க வேண்டும் என்று பெற்ற தாய் வேண்டினேன்.

கமறியது. கமறல் என்றால் வீட்டுக்குள் நிற்க முடியாத கமறல். எனக்குத் தொண்டை அடைத்தது. தாணு இருமி இருமிக் கத்தினான். அவனைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளும் இருமினாள். கண்ணில் நீர் கொட்டியது.

பிள்ளைக்கு அவள் கை நீட்டவில்லை. அது முதல் தடவை.

"மண்ணு எடுக்கணும்னா எங்கிட்டச் சொல்லப்பிடாதா அஸ்வதி? நானே மிதிச்சுத் தந்திருப்பேனே" என்றாள்.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"தாய்க்கண்ணு பேய்க்கண்ணுன்னு ஒரு பேச்சு உண்டும். அது உனக்குத் தெரியாதோ? உன் காலடி மண்ணும் எடுத்தியா?"

பதிலுக்கு நிற்காமல் முற்றத்தைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அக்காவின் வீட்டுக்காரர், அத்தான், உரக்கடைக்குப் போகும்போது என்னைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தார், ஆகவே அவரிடம் அவள் எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்தது. நான் குலை வாங்கவில்லை. ஏற்கெனவே அரிந்து பரப்பியிருந்ததைக் கிளறக்கூட மாடிக்குப் போகவில்லை. ஆர்டர் கேட்டவர்களிடம் பிள்ளைக்குச் சுகமில்லை என்றேன். பொழுது முழுக்க அவனை மடியிலேயே வைத்து, பிழிந்த பாலைக் கரண்டியால் துளித்துளியாக ஊட்டினேன். நான் ஆசைப்பட்டது இதுதானே. கறையில்லாத கை, முழு நாள், நான், பிள்ளை. நடுவில் யாருமில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் அழும்போது என் தோளைத் தவிர சாய வேறு தோள் இல்லாமல் என் தோளிலேயே சாய்ந்தான். அழுது ஓய்ந்தால் மட்டும் தலையைத் தூக்கி முற்றத்துக்கு அந்தப் பக்கத்துக் கதவைப் பார்ப்பான். நான் ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய ஜன்னலைப் பார்த்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம், அழுது அழுது அரைத் தூக்கத்தில் இருந்தவன் தானாக மார்பைத் தேடினான். கொடுத்தேன். இரண்டு வாய் உறிஞ்சினான். பிறகு கடித்தான். நான் போட்ட கூச்சலில் அவனே பயந்துபோனான். விரலை விட்டுப் பார்த்தால் கீழ் ஈறில் அரிசி முனைபோல ஒன்று. பக்கத்தில் இன்னொன்று வெள்ளையாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஈறு சிவந்து வீங்கிக் கிடந்தது. இதற்குத்தானா இத்தனை பாடு. கண்ணுமில்லை, கொதியுமில்லை, பல்.

முதல் தவழல் அவளுக்குக் கிடைத்தது. முதல் பல் எனக்கு. என் உடம்பில்தான் அது முதலில் பதிந்தது. யாரும் வீடியோ எடுத்துக் காட்டி நான் தெரிந்துகொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்தேன், யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும். மஸ்கட்டுக்குக் கூப்பிட்டேன். சுதன் வேலையில் இருந்தார், எடுக்கவில்லை. பெபிஷாவிடம் சொல்லலாம், 'ஐயோ க்யூட்' என்பாள். இராஜாக்கமங்கலத்தில் என் அம்மையிடம் சொல்லலாம், சந்தோஷப்படுவாள். ஆனால் இந்தப் பல்லுக்காக மாதக்கணக்காக ஈறைத் தடவித் தடவிப் பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் முகம் எப்படி மலரும் என்பது எனக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

போகுமுன் பிள்ளையின் வாயொழுகலையும் என் கையையும் கழுவிக்கொள்ளத் துவைகல்லடிக்குப் போனேன். அவனை இடுப்பில் வைத்து, ஒரு கையால் தண்ணீர் கோரிக் கழுவிவிட்டு நகர்ந்தபோது கீழே பார்த்தேன். நனைந்த மண்ணில் ஒரு வலதுகால் தடம், ஐந்து விரலும் பதிந்து. அன்று நான் குனிந்து அள்ளிய அதே இடம், அதே கோணம், அதே அளவு. என் கால்.

தினமும் சாயங்காலம் நான் நிற்கும் இடம் அது. அன்றும் அவள் துணி அலச வருமுன் நான் அங்கேதான் நின்று கையைக் கழுவினேன். அக்கா துணி அலசும்போது கல்லுக்கு எந்தப் பக்கம் நிற்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். சில நாள் இந்தப் பக்கம், சில நாள் அந்தப் பக்கம். அவள் காலும் என் காலும் ஏறக்குறைய ஒரே அளவு, அவள் செருப்பை நான் எத்தனையோ தரம் மாற்றிப் போட்டிருக்கிறேன். அவசரத்தில் யார் தடத்தை அள்ளினேன்? கமறியது யாருடைய மண்? பிள்ளை என் தாலிச்சரட்டைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

அக்கா வீட்டுக் கதவு வெறுமே சாத்தியிருந்தது. உள்ளே அவள் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறம் நின்றது. தாணு இரண்டு கையையும் நீட்டி என் இடுப்பிலிருந்து பாயப் பார்த்தான்.

"பல்லு வந்துட்டுக்கா" என்றேன். "கடிச்சுட்டான்."

அவள் எழுந்து வந்தாள். விரலைத் துடைத்து அவன் வாய்க்குள் விட்டாள். அவன் கடித்தான். நான் நினைத்த மாதிரியே அவள் முகம் மலர்ந்தது, பிறகு நான் நினைக்காத மாதிரி உடைந்தது. அவனை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"எனக்குக் கோவந்தான், கேட்டியா" என்றாள். "நீ சந்தேகப்பட்டதுக்கு இல்ல. கேக்காம எடுத்ததுக்கு. சந்தேகம் எனக்கே உண்டும்."

"அக்கா, நான்…"

"நான் சொல்லி முடிச்சுக்கிடுதேன். பதினாறு வருசமா நான் ஒரு பிள்ளையையும் நேரா நின்னு பாத்தது இல்ல. எங்க சொந்தத்துல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்னாலும், நான் போய்ட்டு வந்த வீடாச்சேன்னு மனசு அடிக்கும். யாரும் சொல்லாண்டாம். நானே சொல்லிக்கிடுவேன். இவனைத்தான் கண்ணு நெறையப் பாத்தேன். அதுலயும் ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டேதான். நீ அவனுக்குப் பாலு கொடுக்கையில கதவ தொறந்து வைப்பல்லா? நான் எழும்பிப் போய் அந்தப் பக்கம் திரும்பி இருப்பேன். பாத்துரப்பிடாதுன்னு. பொறாமை இல்லாம இல்ல அஸ்வதி. எரியும். என் பிள்ளைக்கு வச்சிருந்த பேரு அது, அதையும் நானே சொன்னேனே."

அவள் அவன் வாயொழுகலைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அன்னைக்கு நீ குனிஞ்சு மண்ணு அள்ளுதத ஜன்னல் வழியா பாத்தேன். எதுக்குன்னு தெரிஞ்சுது. புகை எழும்பினப்போ உன் பின்வாசல்ல வந்து மூச்சப் பிடிச்சிட்டு நின்னேன். வாசம் வராது, என் கண்ணுதான், இன்னையோட இவன தொடப்பிடாதுன்னு முடிவுக்கே வந்துட்டேன். அப்போ கமறிச்சு பாரு." அவள் நெஞ்சில் கை வைத்தாள். "பல்லுன்னு நீ இப்ப சொல்லுத. எனக்கு அன்னைக்கே தெளிஞ்சுட்டு. என் காலடி மண்ணு கமறிட்டு. என் கண்ணு கெட்ட கண்ணு இல்ல. பதினாறு வருசத்துல அந்த மூணு இருமலுக்கு ஈடா எனக்கு ஒண்ணும் கிட்டல."

தாணு அவள் விரலை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்துக் கடித்தான். எச்சில் அவள் மணிக்கட்டு வரை வழிந்தது. அவள் குனிந்து, நேராக, கண் கொட்டாமல், அவனையே பார்த்தாள். அவளை அப்படி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது. அது அத்தனை சீக்கிரம் போகிற எரிச்சல் இல்லை.

துவைகல்லடியில் பார்த்த தடம் என் நாக்கு நுனியில் நின்றது. ஒரு வாக்கியம் போதும். அக்கா, அது உன் மண்தானா என்று எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவள் கை தானாகப் பிள்ளையை விட்டுவிடும். முகம் மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். தாணு எனக்கே எனக்காக ஆகிவிடுவான்.

"என்னட்டி, எதாம் சொல்ல வந்தியா?" என்றாள்.

"மாடியில காய் காயுது" என்றேன். "நான் போய்க் கிளறி விடுதேன். நீ அவன பாத்துக்கோ."